யாருடைய காதால் கேட்கிறோம்? ‘ஷோகன்’ 1980, ‘ஷோகன்’ 2024: ஒரு நிகழ்வு ஆய்வு

தேநீர் விடுதி ஒன்றின் உள்ளறை. மூன்று பேர் அமர்ந்திருக்கிறார்கள். கிகு என்னும் கணிகை ஜப்பானிய மொழியில் மெல்லப் பேசுகிறாள். பக்கத்தில் இருக்கும் மரிகோ அதைச் சிறிது சிறிதாக ஆங்கிலேய மாலுமி பிளாக்தோர்னுக்கு மொழிபெயர்த்துச் சொல்கிறாள். கிகு பேசுவது தன் தொழிலைப் பற்றி, வெளியுலகின் சுமையை ஓர் இரவுக்கு இறக்கிவைக்கும் கலையைப் பற்றி. மரிகோவின் குரலில் வரும்போது அதே சொற்களுக்கு வேறு சூடு ஏறிவிடுகிறது. தன் வாயால் சொல்லவே கூடாததை இன்னொருத்தியின் பேச்சு என்ற மறைவில் நின்று அவள் சொல்லிவிடுகிறாள். கேட்பவனுக்கும் அது தெரிகிறது.

2024இல் வெளிவந்த ‘ஷோகன்’ தொடரின் ஆறாவது அத்தியாயத்தில் இந்தக் காட்சி வருகிறது. இதே கதையை 1980இல் எடுத்தவர்களால் இதை இப்படி எடுத்திருக்கவே முடியாது. நடிகையின் திறமைக்கும் செலவழித்த பணத்துக்கும் இதில் பங்கில்லை. 1980 தொடரில் ஜப்பானிய வசனங்களுக்குத் துணைத்தலைப்பு (சப்டைட்டில்) கிடையாது. கிகு என்ன சொன்னாள் என்பது பார்ப்பவருக்குத் தெரியாவிட்டால், மரிகோ அதை எடுத்து என்ன செய்தாள் என்பதும் தெரியாது. இரண்டு தொடர்களுக்கும் இடையிலுள்ள மற்ற எல்லா வேறுபாடுகளும் இந்த ஒரு முடிவிலிருந்தே கிளைத்தன என்று நான் நினைக்கிறேன். அதைக் காட்டத்தான் இந்த ஆய்வு.

கதையும் அதன் வேர்களும்

இரண்டுக்கும் மூலம் ஜேம்ஸ் கிளாவல் 1975இல் வெளியிட்ட நாவல். 1600ஆம் ஆண்டில் ஜப்பான் கரையில் ஒதுங்கும் ஒரு டச்சுக் கப்பலின் ஆங்கிலேய வழிகாட்டி ஜான் பிளாக்தோர்ன். எதிரிகளால் சூழப்பட்டு, காத்திருந்து காய் நகர்த்தும் டொரானாகா பிரபு. கத்தோலிக்க மதத்தைத் தழுவிய, போர்த்துகீசியம் கற்ற உயர்குடிப் பெண் மரிகோ. மூவருக்கும் வரலாற்றில் முன்மாதிரிகள் உண்டு. வில்லியம் ஆடம்ஸ் 1600 ஏப்ரலில் ‘லீஃப்டே’ என்ற கப்பலில் கியூஷு தீவை வந்தடைந்தார். இறுதிவரை ஜப்பானிலேயே வாழ்ந்து 1620இல் ஹிராடோவில் இறந்தார். டோகுகாவா இயேயாசு 1600 அக்டோபரில் செகிகஹாராப் போரில் வென்று, 1603இல் ஷோகன், அதாவது நாட்டை ஆளும் தலைமைப் படைத்தலைவர், ஆனார். ஹோசோகாவா கிராசியா, ஓடா நொபுநாகாவைக் கவிழ்த்த அகேச்சி மிட்சுஹிடேயின் மகள். 1600இல் ஒசாகாவில், பணயக் கைதியாகப் பிடிபட மறுத்து மாண்டார். ஆடம்ஸும் கிராசியாவும் சந்தித்ததற்குச் சான்று எதுவும் இல்லை. அவர்களுக்கிடையிலான காதல் முழுவதும் நாவலின் கற்பனை.

முதல் தொடரை அமெரிக்காவின் என்பிசி நிறுவனம் 1980 செப்டம்பர் 15 முதல் 19 வரை அடுத்தடுத்த ஐந்து இரவுகளில் ஒளிபரப்பியது. விளம்பரங்கள் நீங்கலாகச் சுமார் 9 மணி நேரம். இயக்கம் ஜெர்ரி லண்டன், திரைக்கதை எரிக் பெர்கோவிச்சி, இசை மோரிஸ் ஜார். பிளாக்தோர்னாக ரிச்சர்ட் சேம்பர்லின், டொரானாகாவாக டோஷிரோ மிஃபூனே, மரிகோவாக யோகோ ஷிமாடா. கதைசொல்லியின் குரல் ஆர்சன் வெல்ஸ். படப்பிடிப்பு முழுவதும் ஜப்பானில் நடந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் பெரும் எண்ணிக்கையில் மக்கள் பார்த்த தொடர்களில் ஒன்றாக அது ஆனது. எம்மியில் சிறந்த குறுந்தொடருக்கான விருதும் கிடைத்தது.

இரண்டாவது, எஃப்எக்ஸ் நிறுவனத்துக்காக ரேச்சல் கோண்டோவும் ஜஸ்டின் மார்க்ஸும் உருவாக்கிய 10 அத்தியாயத் தொடர். 2024 பிப்ரவரி 27 முதல் ஏப்ரல் 23 வரை வெளிவந்தது. டொரானாகாவாக ஹிரோயுகி சனாடா. தயாரிப்பாளர்களிலும் அவர் ஒருவர். பிளாக்தோர்னாக காஸ்மோ ஜார்விஸ், மரிகோவாக அன்னா சவாய். படமாக்கியது கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில். வசனங்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு ஜப்பானிய மொழியில், துணைத்தலைப்போடு. 2024 எம்மியில் 18 விருதுகளைப் பெற்றது; ஒரே பருவத்துக்கு அத்தனை விருதுகளை அதுவரை எந்தத் தொடரும் வாங்கியதில்லை. ஆங்கிலம் அல்லாத மொழியில் பெரும்பகுதி பேசும் ஒரு தொடர் சிறந்த நாடகத் தொடர் விருதைப் பெற்றதும் அதுவே முதல் முறை. அந்த விருது மேடை அமைந்த நாள் செப்டம்பர் 15. பழைய தொடரின் முதல் இரவு ஒளிபரப்பாகிச் சரியாக 44 ஆண்டுகள்.

புதியதை மறு ஆக்கம் என்று சொல்வது முழுவதும் சரியில்லை. அது பழைய தொடரின் காட்சிகளைத் திரும்பப் படமாக்கவில்லை. நேராக நாவலுக்குப் போய் அங்கிருந்து வேறு வழியில் இறங்கி வருகிறது. ஆனாலும் பழையதைப் பார்த்தவர் புதியதைத் தனியாகப் பார்க்க முடியாது. நான் பழையதை முதலில் பார்த்தேன், பிறகு புதியதை, பிறகு மீண்டும் பழையதை. மூன்றாவது சுற்றில்தான் உண்மையான ஒப்பீடு தொடங்கியது.

மாலுமியின் காது

1980 தொடரின் முடிவை முதலில் நியாயமாகப் பார்க்க வேண்டும். அன்றைய அமெரிக்கத் தொலைக்காட்சி முன்னால் எளிய வழி ஒன்று இருந்தது: ஜப்பானியப் பாத்திரங்கள் எல்லோரையும் தங்களுக்குள்ளேயும் ஆங்கிலத்தில் பேசவைப்பது. அதை அவர்கள் செய்யவில்லை. ஜப்பானியர்கள் ஜப்பானிய மொழியிலேயே பேசினார்கள். அதற்குத் துணைத்தலைப்பும் போடவில்லை. பிளாக்தோர்னுக்குப் புரியாதது உங்களுக்கும் புரியாது. அவன் கற்கும் வேகத்தில் நீங்களும் கற்பீர்கள் என்பது அவர்கள் போட்ட ஒப்பந்தம். தவிர்க்க முடியாத இடங்களில் மட்டும் வெல்ஸின் கனத்த குரல் வந்து விளக்கம் தரும்.

இந்த ஒப்பந்தம் வேலை செய்கிறது. கரையில் பிடிபட்டு, சுற்றி நிற்பவர்கள் கத்தும் ஒவ்வொரு சொல்லும் உயிரைப் பறிக்கும் ஆணையாக இருக்குமோ என்று அஞ்சி நிற்பவனின் நிலையை அந்தத் தொடர் நம் உடம்புக்குள் இறக்குகிறது. ஒமி என்னும் சாமுராய் வாளை உருவி ஒரு கிராமத்தானின் தலையை வெட்டும்போது ஏன் என்று நமக்குத் தெரியாது. தெரியாமையே அச்சமாகிறது. பிறகு சிறுகச் சிறுகச் சொற்கள் ஒட்டிக்கொள்கின்றன. ‘ஹை’, ‘இயே’, ‘வகாரிமஸ்’. மூன்றாம் பகுதி வரும்போது, ஓர் எளிய வாக்கியத்தை யாரும் சொல்லித்தராமல் நானே புரிந்துகொண்டேன். அந்த மகிழ்ச்சியைப் புதிய தொடர் எனக்கு ஒருமுறைகூடத் தரவில்லை.

ஆனால் இந்த ஒப்பந்தத்தின் அடியில் ஒரு கணக்கு இருக்கிறது: பார்ப்பவரின் தாய்மொழி ஆங்கிலம். பிளாக்தோர்ன் பேசுவது இயல்பு, மற்றவர்கள் பேசுவது ஒலி. தமிழில் வாழ்ந்து, ஆங்கிலத்தைப் பள்ளியில் கற்று, ஜப்பானிய மொழியைத் திரையில் கேட்கும் என்னைப் போன்றவருக்கு அந்தக் கணக்குப் பொருந்தவில்லை. எனக்கு இரண்டும் வேற்று மொழிகள்தான். சேம்பர்லினின் காதுக்குள் என்னை உட்காரவைக்க அந்தத் தொடர் முயலும்போதெல்லாம், அது என் இருக்கை இல்லை என்று தோன்றிக்கொண்டே இருந்தது. என் இருக்கை மரிகோவுக்குப் பக்கத்தில், இரண்டு மொழிகளுக்கும் நடுவில்.

இன்னொன்றும் தோன்றியது. வாக்கியத்தின் கடைசியில் வினை வந்து நிற்பதும், அந்த வினையின் முடிவிலேயே மரியாதையும் மறுப்பும் தங்குவதும் ஜப்பானிய மொழியின் இயல்பு. நம் மொழியும் அப்படித்தான். அதனால், பொருள் தெரியாவிட்டாலும், ஒருவர் வாக்கியத்தை எப்படி முடிக்கப்போகிறார் என்று காத்திருக்கும் பழக்கம் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. மிஃபூனே ஒரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லை உறுமி முடிக்கும்போது, அதன் பாரம் அங்கேதான் இருக்கிறது என்று ஒரு தமிழ்க் காது ஊகித்துவிடும்.

துபாஷி

இரண்டு மொழி அறிந்து இடையில் நிற்பவரை நாம் ‘துபாஷி’ என்று அழைத்தோம். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சுக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டியவர்களுக்கு அந்த வேலையின் இயல்பு தெரியும்: துபாஷி சொற்களை மட்டும் சுமப்பதில்லை, யாருக்கு எதை, எப்போது, எவ்வளவு சொல்வது என்பதும் அவர் கையில்தான் இருக்கிறது. அது அதிகாரம். அதிலேயே ஆபத்தும் இருக்கிறது.

‘ஷோகன்’ கதை முழுவதும் துபாஷிகளால் நகர்கிறது. நாவலில் வரும் ஆல்விட்டோ பாதிரியாருக்கு முன்மாதிரியாகச் சொல்லப்படுபவர் ஜோவாவ் ரோட்ரிகஸ் என்ற இயேசு சபைத் துறவி. மொழிபெயர்ப்பாளர் என்று பொருள்படும் ஜப்பானியச் சொல்லே அவருக்குப் பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. 1604 முதல் 1608 வரையிலான ஆண்டுகளில் நாகசாகியில் அச்சான அவருடைய ஜப்பானிய இலக்கணம் இன்றும் மொழி அறிஞர்களுக்கு ஆவணம். இப்படியொரு மனிதரின் சாயலில் உருவான பாத்திரம், தன் மதத்தின் பகைவனான புராட்டஸ்டண்ட் மாலுமியின் சொற்களை ஒரு பிரபுவுக்கு மொழிபெயர்க்க வேண்டும். அதன் பிறகு அந்த வேலை மரிகோவின் கைக்கு வருகிறது.

பழைய தொடரில் மரிகோ ஒரு கதவு. அதன் வழியே பிளாக்தோர்ன் ஜப்பானுக்குள் நுழைகிறான். யோகோ ஷிமாடாவுக்கு அன்று ஆங்கிலம் மிகக் குறைவாகவே தெரியும். தன் ஆங்கில வசனங்களை ஒலியாகவே மனப்பாடம் செய்து பேசினார். இதை அறிந்த பிறகு பார்த்தால், அவர் ஒவ்வொரு சொல்லையும் கண்ணாடிக் கிண்ணத்தை மேசையில் வைப்பதுபோல் வைப்பது தெரியும். அந்தக் கவனமே மரிகோவின் குணமாகிவிட்டது. அழகான நடிப்பு, கோல்டன் குளோப் விருதுக்கு முழுத் தகுதி உடையது. ஆனால் அவர் மொழிபெயர்ப்பது சரியா, கூட்டுகிறாரா, குறைக்கிறாரா என்று கேட்கவே தொடர் நமக்கு இடம் தரவில்லை. அவரை நம்புவது தவிர வேறு வழியில்லை.

அன்னா சவாய் நியூசிலாந்தில் பிறந்து, சிறுவயதில் ஜப்பானுக்குக் குடிபெயர்ந்தவர். இரண்டு மொழிகளும் அவருடையவை. புதிய தொடர் அதை முழுமையாகப் பயன்படுத்துகிறது. கீழே துணைத்தலைப்பில் ஒன்று ஓடுகிறது, மரிகோ ஆங்கிலத்தில் (கதைப்படி அது போர்த்துகீசியம்) சொல்வது சற்று வேறாக இருக்கிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள அந்த இடைவெளியில்தான் நாடகம் குடியிருக்கிறது. பிளாக்தோர்ன் முரட்டுத்தனமாக எதையாவது சொல்வான். பிரபுவின் காதுக்கு அது பணிவாகப் போய்ச் சேரும். பிரபு சினத்தோடு சொல்வது மாலுமிக்கு ஆறிய சொல்லாக வந்து சேரும். அவள் நடுவில் நின்று இரு பக்கமும் உயிர்களைக் காக்கிறாள், அவர்கள் அறியாமலே.

இரண்டாவது அத்தியாயத்தில் பிளாக்தோர்ன் உலகப் படத்தை வரைந்து, போர்ச்சுகலும் ஸ்பெயினும் உலகைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டதைச் சொல்கிறான். அந்தக் கணக்கில் ஜப்பானும் போர்ச்சுகலின் பங்கு என்கிறான். ‘உரியது’ என்ற பொருள்படும் சொல்லில் மரிகோ தடுமாறுகிறாள். கத்தோலிக்கப் பெண், தன் ஞானத் தந்தையர் தன் நாட்டை ஏற்கெனவே சொத்தாக எழுதிவைத்திருக்கிறார்கள் என்ற செய்தியைத் தன் வாயாலேயே தன் பிரபுவுக்குச் சொல்ல வேண்டும். கொஞ்ச நேரமே வரும் தடுமாற்றம். நான் மூன்று முறை திருப்பிப் பார்த்தேன்.

ஐந்தாவது அத்தியாயத்தின் விருந்துக் காட்சியில் இது உச்சத்துக்குப் போகிறது. மரிகோவின் கணவன் புண்டாரோ, பிளாக்தோர்ன், நடுவில் மரிகோ. குடித்த இருவரின் பகையை அவளே இரு மொழிகளில் சுமக்க வேண்டும். கணவனின் அம்புகள் அவள் முகத்தை உரசாத குறையாகப் பறக்கின்றன. பிறகு தன் குடும்பம் அழிந்த கதையை அவளே சொல்லும்படி ஆகிறது. வீட்டுச் சண்டை ஒன்றின் நடுவில் நின்று, தன்னைப் பற்றிய ஏச்சையும் தானே மொழிபெயர்த்துச் சொல்ல நேர்ந்தவரின் நிலை அது. இதை வேறு எந்த வரலாற்று நாடகத்திலும் நான் பார்த்ததில்லை.

கத்தி எடுக்கும் காரணம்

இரண்டு தொடர்களிலும் பிளாக்தோர்ன் ஒருமுறை தன் வயிற்றில் கத்தியைச் செருகிக்கொள்ள முனைகிறான். இரண்டிலும் தடுக்கப்படுகிறான். ஆனால் காரணங்கள் வேறு.

நாவலிலும் 1980 தொடரிலும் காரணம் மொழி. குறித்த காலத்துக்குள் அவன் ஜப்பானியம் கற்காவிட்டால் கிராமமே தண்டிக்கப்படும் என்பது ஆணை. தன் கற்றல் திறமைக்காக ஊர் சாகக்கூடாது என்று அவன் கத்தி எடுக்கிறான். புதிய தொடரில் அந்த இடம் கடைசி அத்தியாயத்துக்கு நகர்ந்துவிட்டது. அவனுடைய கப்பல் எரிந்துபோன குற்றத்துக்காக ஊர் மக்கள் தண்டிக்கப்படுகிறார்கள்; அதை எதிர்த்துக் கத்தி எடுக்கிறான்; டொரானாகா தடுக்கிறார். கப்பலை எரிக்க ஆணையிட்டதே டொரானாகாதான் என்பது நமக்குத் தெரிய வருகிறது.

நாடகமாக இரண்டாவதுதான் செறிவானது. அவன் தியாகம் செய்ய முனைவது யாருடைய ஆட்டத்துக்குள் என்று அவனுக்குத் தெரியாது, நமக்குத் தெரிகிறது. ஆனாலும் முதலாவதை இழந்ததில் எனக்கு வருத்தம் உண்டு. ஒரு மொழியைக் கற்பது உயிர் போகும் காரியம் என்று சொன்ன கதை அது. புதிய பிளாக்தோர்ன் மொழி கற்கும் உழைப்பு பெரும்பாலும் காட்சிகளுக்கு வெளியே நடந்துவிடுகிறது. ஒரே ஒரு விதிவிலக்கு, வீட்டு வாசலில் தொங்கவிட்ட காட்டுக்கோழி. யாரும் அதைத் தொட்டால் சாவு என்று அரைகுறை ஜப்பானியத்தில் விளையாட்டாகச் சொல்லிவிடுகிறான். அது ஆணையாகிறது. கிழட்டுத் தோட்டக்காரர் செத்துப்போகிறார். அந்த ஒரு சம்பவத்தில் பழைய தொடரின் ஆன்மா புதியதற்குள் வந்து போகிறது.

துணைத்தலைப்பை முதல் அத்தியாயத்தின் பாதிவரையாவது நிறுத்திவைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. கரையில் கண் விழிப்பவனோடு நாமும் சற்று நேரம் இருட்டில் கிடந்திருந்தால், பிறகு கிடைக்கும் வெளிச்சத்தின் அருமை கூடியிருக்கும்.

அவன் இல்லாத அறைகள்

புதிய தொடரில் கேமரா பிளாக்தோர்ன் இல்லாத அறைகளுக்குள் தாராளமாக நுழைகிறது. எட்டாவது அத்தியாயத்தில் டொரானாகாவின் பால்ய நண்பர் ஹிரோமட்சு, பிரபு சரணடையும் முடிவை எதிர்த்து எல்லோர் முன்னிலையிலும் வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாகிறார். தலையை வெட்டும் கடமை அவர் மகன் புண்டாரோவுக்கு. டொரானாகா அதைத் தடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். சனாடாவின் கன்னத்தில் ஒரு நரம்பு மட்டும் அசைகிறது. 1980 தொடரில் இக்காட்சி இல்லை. இருந்திருந்தாலும், கதைசொல்லியின் குரல் ஓரமாக வந்து விளக்கியிருக்கும். அந்த மௌனம் செத்துப்போயிருக்கும்.

மிஃபூனேக்கு இழைக்கப்பட்ட அநீதி என்று நான் கருதுவது இதைத்தான். உலகம் அறிந்த பெரும் நடிகர். அவர் பேசும்போது அமெரிக்கப் பார்வையாளர்களில் பெரும்பாலோருக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. தோள், நடை, உறுமல் ஆகியவற்றைக் கொண்டே அந்த டொரானாகாவை எழுப்பினார். அதற்கு எம்மி பரிந்துரையும் பெற்றார். ஆனால் அந்த மனிதன் எப்படிச் சிந்திக்கிறான் என்பதை வெல்ஸ் சொல்லித்தான் நாம் அறிந்தோம். சனாடாவின் டொரானாகா எதிரிகளிடம் பொய் சொல்வதை நாம் நேரடியாகக் கேட்கிறோம், நண்பர்களிடமும் பொய் சொல்வதைக் கேட்கிறோம். யாரும் சொல்லித்தராமல் நாமே அவரைச் சந்தேகிக்கத் தொடங்குகிறோம். டொரானாகாவுக்குக் கீழ்ப்பட்ட பிரபு யபுஷிகேயாக வரும் டடனோபு அசானோவின் துரோகம் இவ்வளவு சுவையாக இருப்பதற்கும், ஆட்சி வாரிசின் தாயான ஒச்சிபா சீமாட்டி வெறும் வில்லியாக நின்றுவிடாமல் மரிகோவின் பழைய தோழியாக விரிவதற்கும் இதுவே காரணம்.

இதற்கு விலையாக ஜார்விஸின் பிளாக்தோர்ன் சுருங்கிவிட்டான். காதலும் மெலிந்துவிட்டது. 1980இல் சேம்பர்லினும் ஷிமாடாவும் பார்த்துக்கொள்ளும் பார்வையில் தொடரே தாங்கி நின்றது. 2024இல் அந்தக் காதல் பக்கத்து அறையில் நடப்பதுபோல் இருக்கிறது.

காட்சிகளின் அழகைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புதியது உடை, சிகை, நடை, வாள் பிடிக்கும் விதம் என எல்லாவற்றிலும் ஜப்பானிய நிபுணர்களின் கண்டிப்பைத் தாங்கி நிற்கிறது. சனாடா அதில் விட்டுக்கொடுக்கவில்லை. பழையதில் இருந்த உண்மையான ஜப்பானிய வெயிலும் கடலும் மட்டும் இதில் இல்லை. கனடாவின் மூடுபனி அழகுதான், ஆனால் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இருக்கிறது. ஓரங்கள் மங்கித் தெரியும் லென்ஸ் பல இடங்களில் என்னை உறுத்தியது.

இரண்டு முடிவுகள்

பழைய தொடரின் இறுதியில் எல்லாவற்றையும் தொகுத்துச் சொல்வது வெல்ஸின் ஆங்கிலக் குரல். டொரானாகாவின் மனத்திலிருந்தது என்ன, இனி வரலாறு எங்கே போகும் என்பதெல்லாம் அந்தக் குரலில் வந்துவிடுகிறது. ஒன்பது மணி நேரமாகப் புரியாமல் இருந்தவர்களுக்கு அது ஆறுதல்.

புதியதில் குன்றின் விளிம்பில் இரண்டு பேர் நிற்கிறார்கள். யபுஷிகே சாகப்போகிறான், தலையை வெட்டப்போவது டொரானாகா. மரிகோவின் மரணமே தன் படையெடுப்பாக இருந்தது என்பதை டொரானாகா அவனிடம் சொல்கிறார். பெரும் படையால் ஆகாததை ஒரு பெண் ஒசாகாவின் வாசலில் நின்று முடித்துவிட்டாள். இரு மொழிகளுக்கு நடுவில் பாலமாக இருந்தவளே போராகவும் ஆனாள். ஷோகன் ஆவதுதான் நோக்கமா என்று துளைக்கிறான் யபுஷிகே. சாகப்போகிறவனிடம் எதிர்காலத்தை ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்டுவிட்டு, டொரானாகா வாளை ஓங்குகிறார்.

பிறகு அவர் கடலைப் பார்க்கிறார். கீழே பிளாக்தோர்ன் ஊர் மக்களோடு சேர்ந்து, எரிந்த கப்பலைக் கயிறு கட்டி நீரிலிருந்து இழுத்துக்கொண்டிருக்கிறான். மேலே நிற்பவரை நிமிர்ந்து பார்க்கிறான். அவருக்கும் அவனுக்கும் இடையில் இப்போது துபாஷி யாரும் இல்லை. பேச்சும் இல்லை. துணைத்தலைப்பு ஓடிய இடம் திரையின் அடியில் காலியாக இருக்கிறது.